சரக்கறையில் எத்தனை பெட்டி ஏறும்? விண்வெளி வணிக விளையாட்டு செய்பவர்களுக்கு ஒரு கணக்கு

விண்வெளியில் சரக்கு வாங்கி விற்கும் விளையாட்டு ஒன்றைச் செய்ய உட்காருகிறீர்கள். கப்பல் வரைந்தாயிற்று, கிரகங்களுக்குப் பெயர் வைத்தாயிற்று, விலைப்பட்டியலும் தயார். அடுத்து "சரக்கறை: 100" என்று ஓர் எண்ணைப் போடுகிறீர்கள். நூறு என்றால் நூறு என்ன? டன்னா, பெட்டியா, கன மீட்டரா? புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாலு மாதம் கழித்து, படம் வரையும் தம்பி வந்து "அண்ணா, பெட்டியை எவ்வளவு பெரிசா வரையணும்?" என்று கேட்கும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கும். அதற்குள் விலை, கப்பல் அளவு, கதவு அகலம் எல்லாம் அந்த நூறை நம்பி நின்றுகொண்டிருக்கும்.

அந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுவது எப்படி என்று இங்கே பார்க்கலாம். நான் குன்னூர்க்காரன் என்பதால் தேயிலை, கேரட், மலைப்பாதை என்றுதான் உதாரணம் வரும். ஒரு கால்குலேட்டர், ஒரு டேப், சமையலறைத் தராசு மூன்றும் இருந்தால் போதும்.

முதலில் டன் எதைக் குறிக்கிறது என்று முடிவு செய்யுங்கள்

ஆளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1984இல் பிபிசி மைக்ரோ கணினிக்கு வந்த எலைட் விளையாட்டில் கோப்ரா மார்க் 3 கப்பல் 20 டன் ஏற்றும். காசு கொடுத்து அறையைப் பெரிதாக்கினால் 35. உணவானாலும் இயந்திரமானாலும் டன் கணக்குதான். தங்கமும் பிளாட்டினமும் மட்டும் கிலோவில், ரத்தினக் கற்கள் கிராமில். 1977இல் வந்த டிராவலர் என்ற மேசை விளையாட்டில் டன் என்பது எடையே இல்லை. ஒரு டன் திரவ ஹைட்ரஜன் அடைத்துக்கொள்ளும் இடம்தான் அங்கே ஒரு டன், சுமார் 14 கன மீட்டர். ஈவ் ஆன்லைன் நேராகக் கன மீட்டரில் பேசுகிறது. ஸ்டார் சிட்டிசனில் 1.25 மீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரம்தான் அடிப்படை அலகு, கிட்டத்தட்ட இரண்டு கன மீட்டர்.

எதை எடுத்துக்கொண்டாலும் குற்றமில்லை. என்னைக் கேட்டால், ஒவ்வொரு சரக்குக்கும் எடை, இடம் இரண்டையும் எழுதி வையுங்கள். ஆடுபவர் கண்ணில் ஒன்றை மட்டும் காட்டலாம். ஆனால் உள்ளே இரண்டும் இல்லாவிட்டால் பஞ்சும் இரும்பும் ஒன்றாகிவிடும், வணிகத்தின் சுவையே போய்விடும்.

லாரி எப்போது நிறைகிறது?

குன்னூர் சாலையோரம் கால் மணி நேரம் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். தேயிலை மூட்டை ஏற்றிய லாரி மேலே மேலே அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, கயிறு இழுத்துக் கட்டி, கூண்டு மாதிரி உயர்ந்து வரும். பின்னாலேயே ஜல்லி ஏற்றிய டிப்பர் வரும்; பாடியில் பாதிதான் நிறைந்திருக்கும், ஆனால் ஸ்பிரிங் பட்டைகள் வளைந்து, டயர் அமுங்கி, எஞ்சின் முனகும். தேயிலை லாரியில் டன் முடிவதற்கு முன் இடம் முடிகிறது. ஜல்லி லாரியில் இடம் முடிவதற்கு முன் டன் முடிகிறது. உங்கள் சரக்குப் பெட்டியும் இந்த இரண்டில் ஒன்றில்தான் முட்டும். எதில் முட்டும் என்பதைச் சொல்வது அடர்த்தி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நமக்கு வேண்டியது பொருளின் சொந்த அடர்த்தி இல்லை, குவித்துப் போட்டால் இடைவெளியோடு சேர்த்து வரும் அடர்த்தி. ஒரு கேரட்டைத் தனியாக எடுத்தால் தண்ணீர் அளவு கனம். மூட்டையில் போட்டால் இடையில் காற்று புகுந்து, கன மீட்டருக்குச் சுமார் 0.6 டன்தான் வரும். வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். ஒரு லிட்டர் டப்பாவைத் தராசில் வைத்து, சரக்கைத் தளதளவென்று கொட்டி, மேல்மட்டத்தை வழித்துவிட்டு எடையைப் பாருங்கள். டப்பா எடையைக் கழித்த பிறகு வரும் கிலோ எண்தான் கன மீட்டருக்கு எத்தனை டன் என்பது. அரிசிக்கு 0.8 பக்கம் வரும். குருணையாக வரும் சிடிசி தேயிலைக்கு 0.4ஐ ஒட்டி வரும். முழு இலைத் தேயிலை அதைவிட லேசு. தூள் கொஞ்சம் கனம். ஜல்லி 1.5, தண்ணீர் 1. கட்டியாக வரும் உலோகங்களுக்கு அளக்கவே வேண்டாம்: அலுமினியம் 2.7, எஃகு 7.85, தங்கம் 19.3. மறுகோடியில் திரவ ஹைட்ரஜன் 0.07. விளையாட்டில் நீங்களே கற்பனை செய்த பொருளுக்கும் இந்த வரிசையில் ஓர் இடம் பார்த்துக் கொடுங்கள். "வேற்றுக்கிரகக் காளான்" என்றால் பஞ்சுக்கும் கேரட்டுக்கும் நடுவில் எங்கேயாவது வையுங்கள்.

பெட்டியின் அளவை முடிவு செய்வது வழி

புதியவர்கள் சரக்கைப் பார்த்துப் பெட்டியை வரைகிறார்கள். உலகத்தில் நடப்பது வேறு. பெட்டி போகும் பாதையில் எந்த இடம் மிகக் குறுகலோ, அந்த இடம்தான் அளவைச் சொல்லும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கினால் 36. இந்த வளைவுகளில் நாற்பதடி கன்டெய்னர் ட்ரெய்லரைத் திருப்ப நினைத்தால் பின்னால் ஊட்டி வரை வண்டி நிற்கும். அதனால் இங்கே தேயிலை பெரும்பாலும் மூட்டையாக லாரியில் கீழே இறங்கி, சமவெளியில்தான் கன்டெய்னர் ஏறுகிறது. கடலில் எவ்வளவு பெரிய கப்பல் காத்திருந்தாலும் மலையில் அளவு சொல்வது வளைவுதான்.

விண்வெளியிலும் இதே கதை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் அமெரிக்கப் பகுதியில் சில சரக்குக் கலன்கள் இணையும் வாசல் சுமார் 1.27 மீட்டர் சதுரம். ரஷ்யப் பகுதியின் வட்ட வாசல் 80 சென்டிமீட்டர்தான். உள்ளே போகும் எந்தப் பெட்டியானாலும் அதற்குள் நுழைந்தாக வேண்டும். மேலே சொன்ன ஸ்டார் சிட்டிசன் பெட்டி 1.25 மீட்டர் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தற்செயலோ என்னவோ, அந்த வாசலின் அளவை ஒட்டியே இருக்கிறது.

ஆகவே உங்கள் விளையாட்டில் சரக்கு எங்கே கிளம்பி எங்கே முடிகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சுரங்கம், ஏற்றும் ஊர்தி, நிலையத்தின் ஏர்லாக் (காற்று வெளியேறாமல் காக்கும் இரட்டைக் கதவு அறை), கப்பல் கதவு, இறங்கும் நிலையம். இதில் மிகச் சின்னக் கதவு எது? அதில் சுற்றிலும் ஒரு சாண் விட்டுவிட்டு மீதியை எடுங்கள். கதவு 2.4 மீட்டர் சதுரம் என்றால் பெட்டி 2 மீட்டர் சதுரம். நீளம், கதவுக்குப் பின்னால் உள்ள திருப்பத்தைப் பொறுத்தது. இப்போதைக்கு 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2 × 2 × 4, அதாவது 16 கன மீட்டர். இதையே கடைசி வரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

சுவர் தின்னும் இடம்

வெளி அளவையே உள் அளவாக நினைத்துவிடாதீர்கள். சுவர், வெப்பக் காப்பு, சட்டம் எல்லாம் சேர்த்து ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் போகட்டும். நம் பெட்டியின் உள்ளே 1.8 × 1.8 × 3.8 தான் மிஞ்சும்: 12.3 கன மீட்டர். 16இல் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு காணோம். பெட்டி சின்னதாகச் சின்னதாக இது இன்னும் மோசம். ஒரு மீட்டர் கனசதுரத்துக்கு அதே சுவர் போட்டால் உள்ளே 0.51 கன மீட்டர்தான், பாதி போய்விட்டது. நாலு மீட்டர் கனசதுரத்தில் 86 சதவீதம் தப்பிக்கிறது. சின்னப் பெட்டி வைத்த விளையாட்டில் போக்குவரத்துச் செலவு ஏன் அதிகம் என்று யாராவது கேட்டால், இந்த ஒரு கணக்கே பதில்.

பெட்டியின் சொந்த எடையும் உண்டு. துறைமுகத்தில் நாம் பார்க்கும் இருபதடி எஃகுப் பெட்டி காலியாகவே இரண்டு டன்னைத் தாண்டும். உள்ளே சுமார் 33 கன மீட்டர். நம்முடையது அதைவிடச் சின்னது, ஒன்றரை டன் என்று போட்டுக்கொள்ளலாம்.

காற்று அடைத்த பெட்டி வேறு சங்கதி

இதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி வந்து சேர்வதற்குள் தலையணையாக உப்பிப் போயிருக்கும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அந்த ஒரு பங்கு என்பதே சதுர மீட்டருக்கு இரண்டு டன் தள்ளு. பாக்கெட் உப்பிக்கொண்டு சமாளித்துவிடும். விறைப்பான பெட்டிக்கு அந்த வசதி கிடையாது.

வெற்றிடத்தில் முழு வளியழுத்தமும் உள்ளிருந்து தள்ளும், சதுர மீட்டருக்குப் பத்து டன். நம் பெட்டியின் நீளப் பக்கம் 2 × 4, எட்டு சதுர மீட்டர். அந்த ஒரு சுவர் மேல் மட்டும் 80 டன்னுக்கு மேல் விசை. தட்டையான தகடு அதைத் தாங்க வேண்டுமென்றால் மிகவும் தடிமனாக இருக்க வேண்டும், அப்போது பெட்டியே சரக்கைவிடக் கனமாகிவிடும். அதனால் காற்று தேவைப்படும் சரக்குக்கு உருளைதான் சரி. துறைமுகங்களில் இருபதடிச் சட்டத்துக்குள் ஒரு டேங்கைப் பொருத்திய கன்டெய்னரைப் பார்த்திருப்பீர்கள். அதே ஏற்பாட்டை இங்கே கொண்டுவாருங்கள். வெளிச்சட்டம் மற்றப் பெட்டிகளின் அளவிலேயே இருக்கும், உள்ளே உருளை. சதுரத்துக்குள் வட்டம் என்பதால் இடத்தில் இன்னும் 21 சதவீதம் போகும்.

எந்தச் சரக்குக்குக் காற்று வேண்டும் என்று ஒரு குறி போட்டுவிடுங்கள். கேரட், விதை, கோழிக்குஞ்சு வேண்டும். எஃகுக்கும் ஜல்லிக்கும் வேண்டாம். கேரட்டை வெற்றிடத்தில் விட்டால் அதிலுள்ள தண்ணீர் கொதித்து ஆவியாகி, போய்ச் சேரும்போது சுண்டிப்போன வற்றல்தான் இருக்கும். காற்றடைத்த பெட்டிக்குக் கூடுதல் வாடகை வையுங்கள். அதே ஒரு முடிவில் காய்கறி ஏன் விண்வெளியில் விலை அதிகம் என்பதற்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

தூக்கும் வரம்பு

அடுத்தது கிரேன். நிஜக் கன்டெய்னர்களில் பலவற்றுக்கு முழு எடை வரம்பு 30.48 டன். இருபதடிக்கும் நாற்பதடிக்கும் ஒரே வரம்பு. நாற்பதடிப் பெட்டி இரண்டு மடங்கு இடம் தருகிறது, ஆனால் இரண்டு மடங்கு எடை ஏற்ற விடாது. கனமான சரக்குக்கு இருபதடி, லேசான சரக்குக்கு நாற்பதடி என்று ஏற்றுமதிக்காரர்கள் பிரிப்பது இதனால்தான்.

எடையில்லாத விண்வெளியில் எதற்கு வரம்பு என்று கேட்கலாம். எடை இல்லைதான், நிறை இருக்கிறதே. மிதக்கும் பதினைந்து டன் பெட்டியைத் தள்ளிவிடுவது சுலபம். நிறுத்துவதற்குள் கை போய்விடும். தவிரவும், கப்பல் எஞ்சினைப் போட்டதும் பெட்டிகள் பின்சுவர் மீது சாயும், பூட்டுகள் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். நம் பெட்டிக்கு முழு எடை 15 டன் என்று வைப்போம். பெட்டியின் ஒன்றரை டன்னைக் கழித்தால் சரக்கு 13.5.

இப்போது 12.3 கன மீட்டரில் அடர்த்தியைப் பெருக்குங்கள். தேயிலை 4.9 டன், கேரட் 7.4 (உருளையில் இன்னும் குறையும்), அரிசி 9.8. மூன்றும் இடத்தில் முட்டுகின்றன. ஜல்லி 18.5 என்று வரும், ஆனால் ஏற்ற முடிந்தது 13.5. எஃகுக் கட்டியில் அதே 13.5 டன் பெட்டியில் ஏழில் ஒரு பங்கைத்தான் அடைக்கும், மீதி வெறும் இடம். இந்த எண்களை ஒரு முறை எக்செல்லில் போட்டு வைத்தால் ஒவ்வொரு சரக்குக்கும் "பெட்டிக்கு எத்தனை டன்" என்று ஒரே எண் வந்துவிடும். விளையாட்டுக்கு அந்த ஒரு எண் போதும்.

பாதிப் பெட்டி, இரட்டைப் பெட்டி

ஒரே அளவு அலுப்புத் தட்டும், ஐந்தாறு அளவு குழப்பும். மூன்று போதும் என்பது என் கருத்து. பாதி, முழு, இரட்டை. ஆனால் இரண்டு பாதி ஒரு முழுவின் இடத்தில் உட்கார வேண்டும், அங்கேதான் ஒரு நுணுக்கம். இருபதடிப் பெட்டி உண்மையில் இருபது அடி இல்லை. அதன் நீளம் 6.058 மீட்டர். நாற்பதடி 12.192 மீட்டர். இரண்டு இருபதடி சேர்ந்தால் 12.116, மிச்சம் 76 மில்லிமீட்டர், சரியாக மூன்று அங்குலம். பக்கத்துப் பக்கத்தில் வைக்கும்போது இடையில் வேண்டிய சந்து அது. உங்கள் 4 மீட்டர் பெட்டிக்குப் பாதிப் பெட்டி 2 மீட்டர் என்று போடாமல் 1.95 என்று போடுங்கள். முப்பரிமாணத்தில் அடுக்கும்போது ஒன்றோடொன்று இடித்து மினுக்கும் தொல்லையும் வராது. எட்டு மூலையிலும் ஒரே மாதிரிப் பூட்டுத் துளை வரையுங்கள். மேல் கீழ் இல்லாத இடத்தில் எந்த முகமும் அடியாக இருக்கலாம்.

கப்பலுக்குள் அடுக்கிப் பாருங்கள்

அறை 30 × 12 × 8 மீட்டர் என்போம், மொத்தம் 2,880 கன மீட்டர். 16ஆல் வகுத்தால் 180 பெட்டி என்று வரும். அவ்வளவு ஏறாது. பெட்டிக்குப் பெட்டி 10 சென்டிமீட்டர் சந்து விட்டால் நீளத்தில் ஏழு, அகலத்தில் ஐந்து, உயரத்தில் மூன்று, ஆக 105. ஆள் போய்வர அகலத்தில் ஒரு வரிசையைக் காலியாக விட வேண்டும், 84. உள்ளே உண்மையில் சரக்கு வைக்கும் இடம் 1,030 கன மீட்டர் சொச்சம். அறையில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். இந்த விகிதம் வந்தால் கணக்கு சரியாகப் போகிறது என்று அர்த்தம். எண்பது தொண்ணூறு சதவீதம் வந்தால் எங்கேயோ சுவரையோ இடைவெளியையோ மறந்திருக்கிறீர்கள்.

கப்பலின் மொத்த அளவு நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரு வசதி இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில், கேரட் தோட்டங்களுக்கு மேலே மலைச்சரிவில் ரேடியோ தொலைநோக்கி கிடக்கிறது: 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970இலிருந்து இயங்குகிறது. கடலில் ஓடும் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்களே 400 மீட்டர்தான். 24,000 இருபதடிப் பெட்டிக்கு மேலும் ஏற்றுகின்றன. ஆகவே "ஒரு கிலோமீட்டர் நீளக் கப்பல், கொள்ளளவு 500 டன்" என்று யாராவது எழுதினால், முத்தோரைத் தொலைநோக்கியைப் போல இரண்டு மடங்கு நீளத்தை மனதில் நிறுத்தி, அதற்குள் நாற்பது லாரிச் சரக்கை மட்டும் வைத்துப் பாருங்கள். சிரிப்பு வரும்.

எடை ஆட்டத்தை எப்படி மாற்றும்

இவ்வளவு பாடுபட்டதற்குப் பலன் இங்கேதான். 84 பெட்டியும் தேயிலை என்றால், பெட்டி எடையோடு சுமார் 540 டன். 84உம் உலோகம் என்றால் 1,260. காலிக் கப்பல் 800 டன் என்று வைத்தால், ஒன்று 1,340 டன்னில் கிளம்புகிறது, மற்றது 2,060இல். எஞ்சின் ஒன்றே, தேயிலைக் கப்பலின் முடுக்கம் ஒன்றரை மடங்கு. கொள்ளையர் துரத்தினால் தேயிலைக்காரர் தப்பிப்பார், உலோகக்காரர் பேரம் பேசிக்கொண்டிருப்பார்.

இலாபத்தையும் பெட்டிக் கணக்கில் பாருங்கள். தேயிலையில் டன்னுக்கு 50 காசு மிச்சம், எஃகில் 20 என்றால் தேயிலைதான் நல்லது என்று தோன்றும். பெட்டிக்குப் பார்த்தால் தேயிலை 245, எஃகு 270. எஃகில் பணம் கொஞ்சம் கூட, கப்பல் மெதுவு. இந்த இழுபறியை நீங்கள் உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை, அடர்த்தியே எழுதிக் கொடுத்துவிடும்.

தங்கத்தை இந்தக் கணக்கிலிருந்து தனியே எடுத்துவிடுங்கள். ஒரு டன் தங்கம் என்பது 37 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கட்டி; கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். அதைச் சரக்குப் பெட்டியில் ஏற்றுவதில் அர்த்தமில்லை. எலைட் செய்த மாதிரி கிலோவில் விற்று, கேப்டன் அறைப் பெட்டகத்தில் வைக்க விடுங்கள். பெட்டகத்துக்கு மட்டும் ஓர் உச்ச எடை போடுங்கள், இல்லையென்றால் எல்லாரும் தங்கம் மட்டுமே ஓட்டுவார்கள்.

கடைசியாக ஏற்றும் நேரம். துறைமுகக் கிரேன் ஒன்று மணிக்கு 25 முதல் 30 பெட்டி நகர்த்தும். 84 பெட்டிக்கு ஒரு கிரேன் மூன்று, மூன்றரை மணி நேரம். இறக்கி ஏற்ற இரண்டு மடங்கு. ஆடுபவரை அவ்வளவு நேரம் உட்கார வைக்காதீர்கள். விளையாட்டுக் கடிகாரத்தில் ஏழு மணி நேரத்தைக் கழித்து, நிலையக் கட்டணத்தில் சேர்த்துவிடுங்கள். அவசரக்காரருக்கு இரண்டாவது கிரேனை வாடகைக்கு விடலாம்.